உள்ளே விழுந்தது உன் அண்ணனாக இருந்தால்?

பந்திங்_பையன் · ஞாயிறு, இரவு 8.10

என் தம்பிக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை கிடைத்திருக்கிறது. செம்பனை எண்ணெய்க் கப்பல்களின் தொட்டியைக் கழுவும் வேலை. மூடிய இடத்தில் இறங்குகிறவர்களுக்கும் வாசலில் காவல் நிற்கிறவர்களுக்குமான பயிற்சிக்குப் போய் அட்டையும் வாங்கிவிட்டான்.

நேற்று சாப்பிடும்போது சொன்னான்: "உள்ளே ஒருத்தன் மயங்கி விழுந்தால் வாசலில் நிற்கிறவன் இறங்கக்கூடாதாம். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டுவிட்டு அங்கேயே நிற்கணுமாம்." அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "உள்ளே விழுந்தது உன் அண்ணனா இருந்தா?" தம்பி பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை. கப்பலில் இருப்பவர்கள், ஆலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இது என்ன சட்டம்?

பழைய_பாய்லர்மேன் · 8.52

அம்மா கேட்டதுதான் கேள்வி.

செம்பனை ஆலையில் 31 வருஷம் இருந்தவன் நான். எந்த ஆலை என்று எழுதமாட்டேன். ஒருநாள் கழிவுக் குழியில் பம்ப் அடைத்துக்கொண்டது. காலையில் அழுகின முட்டை நாற்றம். பத்து மணிக்கு நாற்றமே இல்லை. காற்று சரியாகிவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். என் கூட்டாளி இறங்கினான். ஏணியில் நாலு படி. கையை விட்டுவிட்டான்.

நான் இறங்கக் காலை வைத்தேன். சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். பொம்பா, அதான் தீயணைப்புப் படை, வர அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் அவன் முதுகு மேலிருந்து தெரிந்துகொண்டே இருந்தது. 'இறங்காதே' என்ற சட்டத்தால்தான் நான் உயிரோடு இருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் இன்றும் பாசாரில் அவன் மனைவியைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறேன். சும்மா நில் என்று சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு பயிற்சி, அதற்கு ஓர் அட்டையா?

தண்ணிமலையான் · 9.05

சரியாச் சொன்னீங்க ஐயா. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷத்தில் ஆளைத் தூக்கி வந்துவிடலாம். இதற்குப் போய்ப் பயம், இறங்கப் பெர்மிட், காற்றை அளக்க மீட்டர்.

கப்பல்காரன் · 9.34

ஐயா, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் காலை வைத்திருப்பேன். அதனால்தான் இந்தச் சட்டமே வந்தது. பயந்தவனுக்கு 'இறங்காதே' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவன் தானே ஓடிவிடுவான்.

நான் எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் அதிகாரி. பாசிர் கூடாங்கில் ஏற்றி ரோட்டர்டாமில் இறக்குவோம். எங்களுக்கு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2007 செப்டம்பர், வட கடலில் 'வைக்கிங் ஐலா' என்ற கப்பல். நங்கூரச் சங்கிலி அதன் அறைக்குள் ஆடிச் சத்தம் போடுகிறது, கட்டிவைக்க வேண்டும். ஒருவர் இறங்கினார், விழுந்தார். இரண்டாமவர் அவரை எடுக்க இறங்கி விழுந்தார். மூன்றாமவர் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு வந்தார். வாசல் குறுகல், சிலிண்டரோடு நுழைய முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, தீப்பிடித்தால் தப்பி ஓடுவதற்காக வைத்திருக்கும் முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அது விலகிவிட்டது. மூவரும் போனார்கள். உள்ளே விஷவாயு எதுவும் கிடையாது. சங்கிலி துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். துரு ஆக்சிஜனைத் தின்றுவிட்டது.

தண்ணிமலையான் தம்பி, மூச்சைப் பிடிக்கிற கணக்கு வேண்டாம். எழுபது கிலோ ஆளை ஏணியில் ஏற்றும்போது உன் உடம்பு உன்னைக் கேட்காமலே மூச்சை இழுக்கும். நமக்கு மூச்சு முட்டுவது கரியமிலவாயு சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைவது நெஞ்சுக்குத் தெரியாது. ஆக்சிஜன் இல்லாத காற்றை இழுத்தால் திணறலே வராது. ரத்தத்தில் இருப்பதும் நுரையீரல் வழியாக வெளியே போகும். இரண்டு மூன்று மூச்சுதான், முழங்கால் மடங்கிவிடும். விழுகிறவனுக்கு விழுகிறோம் என்றுகூடத் தெரியாது.

நாலாங்கட்டை_அக்கா · 9.58

பாய்லர்மேன் ஐயா, கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். அந்த நாற்றத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் நாறும். நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனால் மூக்கின் நரம்பு செத்துப்போன மாதிரி ஆகிவிடும், நாற்றமே தெரியாது. அன்றைக்குப் பத்து மணிக்குக் காற்று சரியானதா, உங்கள் மூக்கு அடங்கியதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் கவனிக்காமல் விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், நினைக்காதீர்கள்.

ஆனால் கப்பல்காரரே, மூளைக்கு ஆக்சிஜன் போகாவிட்டால் நாலைந்து நிமிஷத்தில் சேதம் ஆரம்பம். பொம்பா அரை மணி நேரத்தில் வந்தால் அதற்குப் பெயர் மீட்பு இல்லை, பிணம் எடுப்பது. "இறங்காதே, ஆளைக் கூப்பிடு" என்கிற சட்டத்தில் அந்த ஆள் எங்கே இருக்கிறான் என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

கிராணி_மகன் · 10.15

கேட்கிறார்கள் அக்கா. நான் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மலேசியாவில் 2010இல் வந்த மூடிய இட நடைமுறைக் கோவையில் அவசரத் திட்டம் கட்டாயம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது, எல்லாம் எழுதியிருக்கிறது. இப்படிச் சாகிறவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. இதற்கு மேல் என்ன விவாதம்?

நாலாங்கட்டை_அக்கா · 10.31

அந்த 60 சதவீதம் 1986இல் எழுதியது தம்பி. அப்புறம் அவர்களே நேரில் விசாரித்த சம்பவங்களில் இறந்தவர்களில் 36 சதவீதம்தான் வந்தது. அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், குறைச்சல் இல்லை. ஆனால் பழைய எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தினால், பயிற்சிக்கு வருகிறவன் அதை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பான்.

கப்பல்காரன் · 10.50

கிராணி_மகன், அந்த 19.5 விஷயத்தில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துவராது. வெளிக்காற்றில் 20.9 இருக்கிறது. உலகக் கடல் போக்குவரத்து அமைப்பான ஐஎம்ஓ 2011இல் கொடுத்த பரிந்துரையில் ஆக்சிஜன் 21 என்று இருந்தது. மீட்டரில் 19.5 வந்தால் நீங்கள் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவீர்கள். நான் மீதி எங்கே போனது என்று கேட்பேன். வேறு வாயு உள்ளே வந்து காற்றை ஒதுக்கியிருந்தால், ஆக்சிஜன் அந்த அளவுக்கு இறங்க அந்த வாயு கிட்டத்தட்ட 6.7 சதவீதம் இருக்க வேண்டும். பிபிஎம் கணக்கில் 67,000. நீங்கள் 10 பிபிஎம்முக்குப் பயப்படுகிறவர்.

மீட்டரை மேலே, நடுவில், அடியில் என்று இறக்கிப் பார்க்கவும் வேண்டும். வாசலில் மட்டும் நீட்டிப் பார்ப்பது, கிணற்று விளிம்பைத் தொட்டுவிட்டு ஆழம் சொல்கிற மாதிரி.

அப்புறம் ஒன்று. தொட்டி மட்டும்தான் ஆபத்து என்று நம் ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இங்கே ஆலையில் மிஞ்சும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு மாட்டுத்தீவனமாகக் கப்பலேறுகிறது. அதைக் கொட்டிய அறையிலும் ஆக்சிஜன் குறையும். 2014இல் இங்கிலாந்தில் 'சுண்டிஸ்' என்ற கப்பலில் மூன்று பேர் இறந்தார்கள். உள்ளே இருந்தது வெறும் அறுத்த மரம்.

கிராணி_மகன் · 11.02

19.5 என்பது சட்டப்படி குறைந்தபட்சம். அதற்கு மேல் கேட்டால் குத்தகைக்காரர் வேறு பாதுகாப்பு அதிகாரியைத் தேடிக்கொள்வார். கப்பலில் கேப்டன் இருக்கிறார், எங்களுக்கு மேலே தவுக்கே, அதாவது முதலாளி, இருக்கிறார்.

பழைய_பாய்லர்மேன் · திங்கள், காலை 6.20

இரவெல்லாம் படித்தேன். அக்கா எழுதியதற்கு நன்றி. மூக்கு அடங்கும் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

கப்பல்காரத் தம்பி, ஒரு கேள்வி. உங்கள் கப்பலில் இதற்குப் பயிற்சி செய்கிறீர்களா? உண்மையைச் சொல்லணும்.

கப்பல்காரன் · மதியம் 1.15

வாட்ச் முடிந்து வருகிறேன் ஐயா. உண்மையைச் சொல்கிறேன்.

2015 ஜனவரியிலிருந்து, கப்பல் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தமான சோலாஸ் விதிப்படி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இறங்குவதற்கும் மீட்பதற்கும் ஒத்திகை செய்தே ஆக வேண்டும். 2016 ஜூலையிலிருந்து கையில் பிடிக்கிற வாயு மீட்டரும் கட்டாயம். செய்கிறோம். ஆனால் நான் முன்பு இருந்த ஒரு கப்பலில் ஒத்திகை எப்போதும் பம்ப் அறையில்தான். அகலமான படி, நல்ல வெளிச்சம். பழைய ஓவராலில் துணி அடைத்த பொம்மையை இரண்டு பேர் சிரித்துக்கொண்டே தூக்கி வருவார்கள். போட்டோ எடுப்போம், கையெழுத்து, டீ.

ஒருமுறை புதிதாக வந்த சீஃப் ஆபீசர், கப்பலைச் சமன்படுத்தக் கடல்நீர் நிரப்பும் அடித்தட்டுப் பலாஸ்ட் தொட்டியில் செய்யலாம் என்றார். அந்த வாசல் 600 மில்லிமீட்டருக்கு 600. சிலிண்டர் மாட்டினவன் தோள் வரை போய் மாட்டிக்கொண்டான். உள்ளே விலா எலும்பு மாதிரி இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றையும் தாண்டித் தவழ வேண்டும். பொம்மையை வெளியே கொண்டுவர 40 நிமிஷம் ஆனது. எங்கள் சிலிண்டரில் இருப்பது 1,200 லிட்டர், முப்பது நிமிஷக் காற்று. வேலை செய்து மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை. அன்றைக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை.

பழைய_பாய்லர்மேன் · 1.40

பார்த்தீர்களா. நான் சண்டை போடுவது இதற்குத்தான். இறங்காதே என்று சொல்வதற்குக் காசு செலவு இல்லை. அதனால் அதை மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். வாசலில் நிற்கிறவன் கையில் என்ன இருந்தது? அன்றைக்கு என் கையில் ஒரு டார்ச் லைட் இருந்தது. இறங்கும்போதே அவன் நெஞ்சில் பட்டை கட்டி, கயிற்றை மேலே முக்காலியில், அதாவது வாசலுக்கு மேல் நிறுத்தி ஆளைத் தூக்கும் மூன்று கால் சட்டத்தில், மாட்டியிருந்தால் நான் கால் வைத்திருக்கவே மாட்டேன். கைப்பிடியைச் சுற்றியிருப்பேன். மனுஷனுக்கு அந்த நேரத்தில் கைக்கு வேலை வேண்டும். கொடுக்காவிட்டால் கால் போகும்.

கப்பல்காரன் · 2.05

முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கயிறு எல்லா இடத்துக்கும் ஆகாது. சொன்னேனே அந்த அடித்தட்டுத் தொட்டி, அதில் கயிறு நாலு சட்டத்தில் வளைந்து சிக்கும். இழுத்தால் ஆள் வரமாட்டான், கழுத்துதான் இறுகும். அங்கே காற்றை ஊதி, அளந்து, சந்தேகம் இருந்தால் யாரையும் அனுப்பாமல் இருப்பதுதான் மீட்பு.

பழைய_பாய்லர்மேன் · 2.11

அங்கே ஆகாது என்றால் அங்கே அனுப்பாதே. கயிறு போகாத இடத்துக்கு ஆள் எதற்குப் போகிறான்?

கப்பல்காரன் · 2.14

துருவும் விரிசலும் பார்க்க யாராவது போகத்தான் வேண்டும் ஐயா. கப்பல் மிதக்கணும்.

தண்ணிமலையான் · 2.30

அப்போ செம்பனை எண்ணெய்த் தொட்டி? பையனின் தம்பி போகப்போவது அதற்குத்தானே.

கப்பல்காரன் · 2.47

நல்ல கேள்வி கேட்டாய். சரக்குத் தொட்டி பெரும்பாலும் உள்ளே வழவழப்பாக, நேராக இருக்கும். அங்கே ஐயா சொல்வதுதான் சரி, முக்காலியும் கயிறும் வேலை செய்யும். ஆனால் கழுவின தண்ணீர் சேரும் ஸ்லோப் தொட்டியில் கவனம் வேண்டும். எண்ணெய் மிச்சமும் தண்ணீரும் நாள்கணக்கில் கிடந்து புளித்தால், ஐயா சொன்ன அதே முட்டை நாற்றம் அங்கேயும் வரும். சாப்பிடுகிற எண்ணெய்தானே என்று இறங்குகிறவர்கள் உண்டு. டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி இறங்கினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

பந்திங்_பையன் · செவ்வாய், இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. தம்பி இன்று முதல் நாள் போய்வந்தான். இறங்கவிடவில்லை, வாசல் காவல்தான். "முக்காலி இருக்கா அண்ணே?" என்று ஃபோர்மேனிடம் கேட்டிருக்கிறான். லாரியில் இருந்ததாம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். ஃபோர்மேன் திட்டவில்லை. இரண்டு பேருமாகப் பிரித்து நிறுத்தி, ஐம்பது கிலோ அரிசிச் சாக்கைக் கட்டி இழுத்துப் பார்த்தார்களாம். முதல் தடவை கம்பி எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டதாம். மூன்றாவது தடவை மூன்று நிமிஷத்தில் மேலே வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். "சாக்குக்குப் பதில் உன்னைக் கட்டிப் பார்க்கச் சொல்லு" என்றார்.

பழைய_பாய்லர்மேன் · 9.41

அம்மா சொல்வது சரி. சாக்கு விறைப்பாக இருக்கும். மயங்கின ஆள் பட்டையிலிருந்து வழுக்குவான், கை மேலே போனால் முழுசாகக் கழன்றுவிடும். தொடைப் பட்டையையும் போட்டு இறுக்கச் சொல். கம்பி எதிர்ப்பக்கம் சுற்றியது ஏன் என்று கண்டுபிடித்தார்களா? அந்த முக்காலியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், பார்க்கிறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை?