இரட்டைக் காலக் கிறிஸ்தவக் காதல் நாவல்கள்: படித்துத் தேர்ந்தவர்களின் பகிர்வுகள்

பழைய காலக் கதையும் இன்றைய கதையும் மாறி மாறி வரும் இந்த வகைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது முதல் நான்கு அத்தியாயங்களில்தான். 1940-இல் ஒரு நாயகி, இன்று இன்னொருத்தி. பெயர்கள் மனதில் பதிவதற்குள் காலம் மாறிவிடும். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, புத்தக அட்டைக்குள் செருகி வையுங்கள். இடப்பக்கம் பழைய காலத்தவர், வலப்பக்கம் இன்றையவர். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டு கட்டாயம். 1940-இல் 20 வயதானவளுக்கு 2005-இல் 85. பேத்தியோடு நேரில் உட்கார்ந்து பேசலாம். இன்றைய கதை 2024-இல் நடந்தால் 104 ஆகிவிடும். அங்கே டைரியோ கடிதமோதான் பேசவேண்டும். கணக்கு இடித்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். அது எழுத்தாளரின் பிழையாக இருக்கலாம், இல்லாவிட்டால் யார் யாருக்குப் பிறந்தார் என்ற ரகசியம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழைய கதை விறுவிறுப்பாக இருக்கிறதென்று அதை மட்டும் சேர்த்துப் படித்து முடிப்பவர்கள் உண்டு. வேண்டாம். இன்றைய நாயகி கடிதத்தைப் பிரிக்கும் கணத்துக்கென்று ஆசிரியர் சேர்த்துவைத்த பதைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

---

மேலே சொன்ன தாளில் இன்னொரு வரி சேருங்கள்: இரு காலத்தையும் கட்டும் பொருள். ப்ரூச் (உடையில் குத்தும் அலங்கார ஊசி), ஒட்டுத்துணிப் போர்வை, குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் எழுதிய பெயர்கள், எதுவானாலும் சரி. அது யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த ஆண்டு போனது? நடுவே ஒரு கை விடுபட்டிருந்தால், கதை அந்த இடத்துக்குத் திரும்பி வரும்.

பழைய காலம் எவ்வளவு நம்பகமானது என்று பார்க்கப் பாடல்களைக் கவனியுங்கள். 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடல் ஜான் நியூட்டன் எழுதி 1779-இல் அச்சானது. இன்று எல்லோரும் பாடும் மெட்டோடு அது சேர்ந்தது 1835-இல். 1790-இல் நடக்கும் காட்சியில் நாயகி அந்த மெட்டை முணுமுணுத்தால் பிழை. வரிகளை மட்டும் சொன்னால் சரி. வேத வசனமும் அப்படியே. ஆங்கிலத்தில் நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் என்ற மொழிபெயர்ப்பு முழு வேதாகமமாக வந்தது 1978-இல். இரண்டாம் உலகப் போர்க்கால லண்டன் பெண் அதன் நடையில் வசனம் சொன்னால் காது உடனே கண்டுபிடிக்கும்; அவள் கையில் இருக்கவேண்டியது பெரும்பாலும் 1611-இன் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு.

கல்யாணக் காட்சிக்கும் சோதனை உண்டு. பிரிட்டனில் துணி ரேஷன் 1941 ஜூன் 1-இல் தொடங்கியது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன், ஒரு கம்பளிக் கவுனுக்கே 11. 1942-இல் மணப்பெண் புதுப் பட்டில் ஜொலித்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் சொல்லியாகவேண்டும். இரவல் கவுனை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டு வருகிறவளை உடனே நம்பிவிடுகிறோம்.

---

விசுவாசப் பகுதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! இந்த வகையின் உயிரே அதுதான். அதிகம் சறுக்குவதும் அங்கேதான். நாயகன் அவிசுவாசி என்றால் அவிசுவாசியோடு பிணையக்கூடாது என்னும் 2 கொரிந்தியர் 6:14-இன் 'அந்நிய நுகம்' குறுக்கே நிற்கும். அதைத் தாண்டுவதற்காகவே கடைசி மூன்று அத்தியாயங்களில் அவன் அவசரமாக மனந்திரும்பினால் காதலும் வலுவிழக்கும், விசுவாசமும் வலுவிழக்கும். நல்ல நாவலில் அவனுடைய போராட்டம் நடுப்பகுதிக்கு முன்பே தொடங்கிவிடும். அவள் பக்கத்தில் இல்லாத காட்சியிலும் தொடரும். ஜெபம் கேட்டபடி கிடைக்காத ஒரு இடமாவது இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சுபமான முடிவு பெரும்பாலும் இன்றைய ஜோடிக்குத்தான். பழைய ஜோடி பிரிந்தே போகலாம். மனம் கனமாக இருக்கும் நாட்களில் இதை எண்ணிப் புத்தகம் எடுங்கள்.

ஆடியோவில் கேட்பதானால் இரு காலத்துக்கும் இரு குரல் உள்ள பதிப்பே நல்லது. ஒரே குரலில், வேகத்தையும் கூட்டிக் கேட்டால் அத்தியாயத் தலைப்பின் ஆண்டு காதில் விழாமல் போய்விடும். ஆசிரியர் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். எது வரலாறு, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லும்போது முடிவையும் அதில் சொல்லிவிடுகிறார்கள்.