மாஃபாத்தில் பூட்ஸ் சோல் கழன்றுவிட்டது, எந்த வழியாக வெளியேறலாம்?

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியன் தீவில், மாஃபாத் என்ற மலைப்பகுதியில், லா நூவெல் கிராமத்தில் இருக்கிறேன். தனியாகத்தான் நடக்கிறேன். இங்கே சாலை கிடையாது. நடந்துதான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர்.

பூட்ஸ்: கணுக்கால் உயரத் தோல், பாலியூரித்தேன் நுரையால் ஆன நடுச்சோல், வாங்கி 7 வருடம். அதில் கடைசி 4 வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நேற்று காலை இடது குதிகால் பிளந்தது, மாலைக்குள் வலது முன்பக்கமும் வாய் திறந்துவிட்டது. நுரையை நகத்தால் அழுத்தினால் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்கிறது. ஈரப்பதத்தில் பாலியூரித்தேன் தானாகவே சிதையும்; போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. தோல் மட்டும் புதுசு போல இருக்கிறது, அதுதான் ஏமாற்றிவிட்டது.

சூப்பர் க்ளூ போட்டேன். பசை பிடித்தது, அடியில் இருந்த நுரை பொடியாகி மறுபடி வந்துவிட்டது. டக்ட் டேப் 3 சுற்று சுற்றினேன், எரிமலைப் பாறையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பிளாஸ்டிக் கேபிள் டை பாறை விளிம்பில் பட்டு அறுந்தது. இப்போது 4 மி.மீ. நைலான் கயிறு, சோலின் பள்ளத்துக்குள் பதியும்படி கட்டியிருக்கிறேன். சமதளத்தில் பரவாயில்லை, இறக்கத்தில் முன்னால் நழுவுகிறது. மாற்றுக்கு ரப்பர் செருப்பு மட்டும்தான், கடையிலும் என் அளவு 43 இல்லை.

திட்டப்படி மார்லா கிராமம், 2,081 மீட்டர் உயரத் தைபி கணவாய், அப்புறம் சிலாவோஸ் சாலை வரை சுமார் 800 மீட்டர் இறக்கம். இன்னொரு வழி கோல் தெ பெஃப் கணவாய்: சுமார் 2 மணி நேரம், பெரும்பாலும் ஏற்றம்.

இந்தக் கயிற்றுக் கட்டு தைபி இறக்கத்தைத் தாங்குமா, இல்லை கோல் தெ பெஃப் பக்கமே திரும்பிவிடட்டுமா?