ஹாக்கி அணியை ‘ரீபில்ட்’ செய்வதற்கு என்ன சொல்? (வியாழன் இரவுக்குள் வேண்டும்)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, திங்கள் இரவு

எல்லையோரக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பனிக்கட்டி ஹாக்கியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ஆலங்கட்டி விழுந்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். ஆனாலும் வேலை வேலைதான். கனடாவில் இருக்கும் தமிழர்களுக்காகவாம். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு தொழில்முறை அணி தன் ஆட்டக்காரர்களை எப்படி மாற்ற வேண்டும் என்பதுதான் பொருள். வியாழன் இரவு கோப்பு போக வேண்டும்.

சிக்கல் ஒரே சொல்லில்தான்: ரீபில்ட். பக்கத்துக்கு நாலு முறை வருகிறது. சும்மா சீர்செய்வது என்று பொருள் இல்லை. விலைபோகும் மூத்த ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இளையவர்களையும் வரும் ஆண்டுகளின் தேர்வு உரிமைகளையும் (புது இளைஞர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் உரிமை) வாங்கிக்கொள்வது. அதனால் இரண்டு மூன்று பருவம் அடியில் கிடக்க நேரும் என்று தெரிந்தே செய்வது. வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லில் 32 அணிகள். அடியில் கிடப்பவர்களுக்கு அடுத்த இளைஞர் தேர்வில் முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பணத்தைக் கொட்டி ஆள் பிடிக்கவும் வழி இல்லை. 2005இலிருந்து அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு.

இப்போதைக்கு ‘மீள்கட்டமைப்பு’ என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

குப்பத்திலிருந்து, செவ்வாய் காலை

டீச்சர், மனசு ஒப்பாததற்கு இலக்கணமே காரணம். மீள் என்பது தன்வினை. மீள்கட்டமைப்பு வினைத்தொகை. விரித்துப் பாருங்கள்: மீண்ட கட்டமைப்பு, மீள்கின்ற கட்டமைப்பு, மீளும் கட்டமைப்பு. மூன்று காலத்திலும் திரும்பி வருவது பழைய கட்டமைப்புதான்! தோற்ற அணியே திரும்பி வந்தால் யாருக்கு என்ன லாபம்? பிறவினையாக ‘மீட்டமைப்பு’ என்று ஆக்கலாம், ஆனால் அதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கைப்பேசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதற்கு அந்தச் சொல்தான் போட்டிருக்கிறார்கள்.

நகரியிலிருந்து, செவ்வாய் மதியம்

முதலில் தலைப்பையே திருத்த வேண்டும். ஹாக்கிக்கு வளைகோல் என்ற சொல் இருக்கிறது. பனிக்கட்டி மேல் ஆடினால் பனிவளைகோல். அதில் உருள்வது பந்தும் அல்ல, தட்டையான ரப்பர் வில்லை. அதற்கு ‘வட்டு’ போதும். டீச்சர் கேட்ட சொல்லுக்கு என் பரிந்துரை: அணிப்புத்தாக்கம். எல்லாம் தமிழ், ஒட்டுப்போட்ட துணி இல்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, செவ்வாய் மாலை

வட்டு நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். புத்தாக்கம் என்றால் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் காதில் தினமும் விழுந்த சொல் ‘புனர்நிர்மாணம்’. என் வகுப்புப் பிள்ளைகளிடம் மீள்கட்டமைப்பு என்றால் விழிப்பார்கள். புனர்நிர்மாணம் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். புரிவதுதான் முக்கியம் என்றால் அதையே போட்டுவிடலாமே?

நகரியிலிருந்து, செவ்வாய் இரவு

கூடாது. அது வடசொல், தெலுங்கிலும் அதையேதான் சொல்கிறார்கள். எல்லையில் இருக்கிற நாமே கதவைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

மூணாறிலிருந்து, செவ்வாய் நள்ளிரவு

எனக்கு இலக்கணம் வராது. தேயிலைக் காட்டில் வேலை. டீச்சர் சொன்னதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, நாங்கள் இதை இரண்டு வேலையாகத்தான் வைத்திருக்கிறோம்.

ஒன்று கவ்வாத்து. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை மேலாக வெட்டிவிடுவது. வேர் பழையது, தளிர் புதிது. சில மாதம் இலை கிடைக்காது, அப்புறம் முன்னைவிட நன்றாக வரும். வெட்டும்போது ஓரத்தில் இரண்டொரு கிளையை விட்டுவைப்பதும் உண்டு. மொட்டையாக வெட்டினால் வேருக்குச் சாப்பாடு போகாமல் செடியே செத்துப்போகவும் கூடும்.

இன்னொன்று மறுநடவு. நூறு வருடக் கிழட்டுச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைப்பது. பிடுங்கின உடனே வைத்தால் வராது. வேர்த்துண்டு ஒன்று மண்ணில் கிடந்தாலும் அழுகல் நோய் புதுக் கன்றுக்கு ஏறும். சில தோட்டத்தில் ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலா புல்லை வளர்த்து மண்ணை ஆற விடுவார்கள். வைத்த பிறகும் பறிப்புக்கு வர மூன்று நாலு வருடம். அதுவரை கூலியும் உரமும் கையை விட்டுத்தான்.

உங்கள் ஹாக்கி அணி எதைச் செய்கிறது? அது தெரியாமல் சொல் வைக்க முடியாதே. அப்புறம், பனி என்றால் எங்களுக்கு மூடுபனியும் உண்டு, ஜனவரியில் தளிரைக் கருக்குகிற உறைபனியும் உண்டு. பனிவளைகோல் என்று நகரி அண்ணன் சொன்னால் மூடுபனியில் ஆடுவது போலத் தெரிகிறது. பனிக்கட்டி என்றே இருக்கட்டும்.

செங்கோட்டையிலிருந்து, புதன் காலை

மூணாற்றுத் தம்பி கேட்டதுதான் கேள்வி. டொராண்டோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது மருமகனோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பார்த்தே பொழுதைப் போக்கினேன். (அவர்கள் ஊர் அணி 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடவில்லை. அந்த வீட்டில் இதைப் பேசக் கூடாது.)

கொலராடோ அவலாஞ்ச் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-17இல் 82 ஆட்டத்தில் 22 வெற்றி, 48 புள்ளி, கடைசி இடம். தேர்வு வரிசைக்கான குலுக்கலில் அதிர்ஷ்டமும் இல்லை. முதலிடம் நழுவி நாலாவது தேர்வுதான் கிடைத்தது. அதில் எடுத்த பையன் கேல் மகார். டுஷேன் என்ற நட்சத்திரத்தைக் கொடுத்து மேலும் தேர்வுரிமையும் இளையவர்களும் வாங்கினார்கள். ஆனால் மக்கின்னன், லாண்டஸ்காக், ரன்டனன் மூவரையும் தொடவில்லை. 2022இல் கோப்பை. இது கவாத்து. ஓரத்துக் கிளையை விட்டுவைத்த கவாத்து!

பஃபலோ சேபர்ஸ் பிடுங்கினார்கள், நட்டார்கள், பாதியில் மறுபடி பிடுங்கினார்கள். 2015இல் இரண்டாவதாக எடுத்த ஐக்கல் 2021இல் வேகாஸ் அணிக்குப் போய் 2023இல் அங்கே கோப்பை வாங்கினார். பஃபலோவோ 2011-12 தொடங்கி 2024-25 வரை 14 பருவம் கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றின் பக்கமே போகவில்லை. எட்மண்டன் அணிக்கு 2010, 2011, 2012 மூன்று வருடமும் முதல் தேர்வு. கன்றுக்குக் குறைவில்லை, மண்தான் ஆறவில்லை. 2006-07 தொடங்கிப் பத்துப் பருவம் பிளே ஆஃப்புக்கு வெளியே. 18 வயதுப் பையன்களுக்குப் பக்கத்தில் பக்குவப்பட்ட தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேர் வேண்டும். அவர்கள்தான் தம்பி சொன்ன குவாத்தமாலா புல். ஒன்றிரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து மண்ணைப் பிடித்துவைத்துவிட்டுப் போகிறவர்கள்.

வேர்த்துண்டும் உண்டு. 26 வயதுக்குக் குறையாத நீண்ட ஒப்பந்தக்காரரைப் பாதியில் விலக்கினால், மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதி ஆண்டுகளின் இருமடங்கு காலத்துக்குப் பிரித்துக் கட்ட வேண்டும். ஆள் போனாலும் உச்சவரம்புக் கணக்கில் அவர் கிடப்பார்.

ஆகவே ரீபில்ட் = மறுநடவு. என் வாக்கு அதற்கே. ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளும் ட்ரேடுக்கு மட்டும் சொல் தேட வேண்டாம், அது நமக்குப் பழகியது. எங்கள் ஊரே 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு ட்ரேட் ஆனதுதான். பதிலுக்கு மலபார் கேரளத்துக்குப் போனது, டீச்சர் ஊர் உட்பட.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, புதன் காலை

அண்ணாச்சி, எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, மலபாரில் இல்லை. எங்களை யாரும் ட்ரேட் செய்யவில்லை.

நகரியிலிருந்து, புதன் மதியம்

சித்தூர் என்றதும் ஆந்திரத்தில் இருக்கும் எங்கள் மாவட்டம் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தேன். 1960இல் திருத்தணி சென்னைக்குப் போனது, நாங்கள் இங்கேயே நின்றோம். விட்டுவைத்த கிளை என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநடவுக்கு மறுப்பில்லை. ஆனால் மறு என்றால் களங்கமும்தான், நிலவின் மறு. கவாத்தை மட்டும் ஏற்க முடியாது. போலீஸ் மைதானத்துக் கவாத்து உருதுவின் கவாயத்திலிருந்து வந்தது.

குப்பத்திலிருந்து, புதன் மாலை

மைதானக் கவாத்து உருதுதான். தோட்டக் கவாத்தும் அதுவேதானா என்பது வேறு கேள்வி. வரிசையில் நிறுத்தி ஒரே உயரத்துக்கு வெட்டுவதால் வந்ததா, கவை, கவடு என்ற கிளைச்சொற்களோடு உறவா? நான் இரண்டாவதன் பக்கம், ஆனால் ‘ஆத்து’ எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நகரி நண்பர் தறியில் ஓட்டும் நாடா தமிழா என்று முதலில் பார்க்கட்டும்.

அதைவிட ருசியானது ஒன்று. இன்னும் முதல் அணிக்கு வராத இளம் ஆட்டக்காரருக்கு என்ன பெயர்? நாற்று என்பேன். மலையாளத்தில் ஞாறு, தெலுங்கில் நாரு. பழந்தமிழில் நாறு என்றால் முளை, தோன்று. மணம் வீசு என்றும் பொருள். இன்றைக்கு நாற்றம் என்றால் மூக்கைப் பிடிக்கிறோம். ஆக ‘நாறுகிற அணி’ என்றால் முளைத்துவரும் அணியும்தான்! தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர் ஒன்பது சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. மரஞ்செடிக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று சொல்லலாம் என்றும் தனியே வருகிறது. இதில் போத்து...

செங்கோட்டையிலிருந்து, புதன் இரவு

ஐயா, போத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். டீச்சருக்கு நாளை கெடு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வியாழன் காலை

நன்றி அண்ணாச்சி. ஆனால் நானும் ஒன்றைக் கிளறப்போகிறேன். இங்கே தென்னந்தோப்பில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பழைய மரம் காய்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் தைகளை, அதாவது இளங்கன்றுகளை, வைத்துவிடுவார்கள். தை வளர வளரப் பழையது ஒவ்வொன்றாகப் போகும். மலையாளத்தில் அடித்தை. தோப்பு ஒரு நாளும் வெறுமையாக இருக்காது.

கட்டுரைக்காரர் இதைத்தான் கிண்டல் செய்கிறார். தோற்கவும் மனமில்லாமல் வெல்லவும் முடியாமல் நடுவில் நிற்பது என்கிறார். நடுவில் முடிக்கிற அணிக்கு நல்ல தேர்வும் கிடைக்காது, கோப்பையும் கிடைக்காது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2018 பிப்ரவரியில் ரசிகர்களுக்கே கடிதம் எழுதி, பழகின முகங்கள் சில போகலாம் என்று சொல்லிவிட்டது. 2022இல் அரையிறுதி வரை வந்தது. சொல்லிவிட்டுச் செய்தால் அரங்கில் உட்கார்ந்திருப்பவனும் பொறுத்துக்கொள்வான் போல. அதனால்தான் சொல்லிலேயே காத்திருப்பு தெரிய வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மீள்கட்டமைப்பு என்றால் ஒப்பந்தக்காரர் ஆறு மாதத்தில் முடித்துச் சாவி கொடுப்பார். நடவு என்றால் யாரும் மறுநாள் காய் கேட்க மாட்டார்கள்.

முழுதாக மாற்றுவது மறுநடவு, வேரை வைத்து வெட்டுவது கவாத்து. இளம் ஆட்டக்காரருக்கு நாற்று. அடித்தைக்குத் தமிழ் கிடைக்கவில்லை, ‘ஊடுநடவு’ என்று போடுகிறேன். ஆட்சேபம் உண்டா?

மூணாறிலிருந்து, வியாழன் மதியம்

சம்மதம்.

செங்கோட்டையிலிருந்து, வியாழன் மதியம்

சம்மதம். மருமகனிடம் கேட்டேன், ‘ரீபில்ட்னே எழுதலாமே மாமா’ என்றார். கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குப்பத்திலிருந்து, வியாழன் மாலை

சம்மதம், சோர்வோடு. ஊடுநடவில் எனக்கு ஐயம் உண்டு, ஊடுபயிரோடு குழம்பும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வியாழன் இரவு 11.50

அனுப்பிவிட்டேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘ரீபில்ட் எனப்படும் மறுநடவு’ என்று சேர்த்தேன். நகரி அண்ணா, உங்கள் வட்டு பதினேழு இடத்தில் இருக்கிறது.

நகரியிலிருந்து, வெள்ளி காலை

வட்டுக்கு நன்றி. கவாத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘அரிதல்’ போதும். கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது அதையும் பக்கத்தில் போட வேண்டும்.

மூணாறிலிருந்து, வெள்ளி காலை

போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே. எங்களுக்கு நாளை எட்டாம் நம்பர் காட்டில் கவ்வாத்து. ஏழு மணிக்கு வந்து ‘அரிதல்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் கத்தியை எடுக்கிறார்கள் என்று.