மாநாட்டுக்குப் பறக்கிறவர்கள்: 'மேலத்தெருச் சொந்தங்கள்' குழுவில் ஒரு சனிக்கிழமை

முத்தையா பெரியப்பா: (முன்னனுப்பப்பட்டது) புவி சூடாகிறது என்று ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் 84,000 பேர் துபாய் மாநாட்டுக்கு விமானத்தில் போய் இறங்கினார்கள். எல்லாம் நாடகம். அனைவருக்கும் பகிரவும் 🙏

முத்தையா பெரியப்பா: கயல், நீ இந்தத் துறையில்தானே வேலை பார்க்கிறாய். இது நிஜமா?

கயல்விழி: எண் சரிதான் பெரியப்பா. 2023ல் துபாயில் நடந்த ஐ.நா.வின் 28ஆவது பருவநிலை மாநாட்டுக்கு நேரில் வந்தவர்கள் ஏறக்குறைய 84,000 பேர். 1995ல் பெர்லினில் முதல் மாநாடு நடந்தபோது சுமார் 4,000 பேர்தான். நாடகம் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை முடித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

கணேசன் துபாய்: அண்ணே, அத்தனை பேரும் விமானத்தில் வந்தவர்கள் இல்லை, இங்கேயே இருக்கிறவர்களும் அதில் உண்டு. ஆனாலும் கூட்டம் தாங்கவில்லை. மாநாடு நடந்த எக்ஸ்போ நிலையத்துக்குப் போகும் மெட்ரோவில் அந்த இரண்டு வாரமும் கால் வைக்க இடம் கிடையாது, எல்லார் கழுத்திலும் மாநாட்டு அனுமதி அட்டை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பேச்சுவார்த்தைக்கா வந்தீர்கள் என்றால், இல்லை, கம்பெனி அரங்கைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்றார்.

செல்வி அத்தை: அரங்கைப் பார்த்துக்கொள்ள அவ்வளவு தூரமா!

அருண்: மதினி, இதனால் எவ்வளவு புகை என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா?

கயல்விழி: போட்டிருக்கிறார்கள். 2021ல் கிளாஸ்கோ மாநாட்டுக்கு முன்கூட்டியே ஒரு மதிப்பீடு வந்தது: 1,02,500 டன். அதில் 60 சதவீதம் வெளிநாட்டு விமானப் பயணம் மட்டுமே. அதற்கு முந்தைய மாட்ரிட் மாநாட்டைப் போல இருமடங்கு.

அருண்: உலகம் முழுவதும் வருஷத்துக்கு 3,700 கோடி டன் என்று படித்திருக்கிறேன். வகுத்துப் பார்த்தேன். கிளாஸ்கோவின் மொத்தப் புகையும் உலகம் ஒன்றரை நிமிஷத்தில் விடுகிற அளவுதான்.

முத்தையா பெரியப்பா: அப்போ பெரிய விஷயமே இல்லை என்கிறாயா?

கயல்விழி: உலகக் கணக்கில் சின்னதுதான். ஆனால் தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். கிளாஸ்கோவுக்கு வந்தவர்கள் நாற்பதாயிரத்துக்குள். ஆளுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் வருகிறது. ஒரு சராசரி இந்தியர் ஒரு வருஷம் முழுக்க வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன். இரண்டு வாரத்தில் ஒருவர் அதைத் தாண்டிவிடுகிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அதுவும் பிசினஸ் கிளாஸில் போனால் சாதாரண இருக்கையைப் போல மூன்று மடங்கு. காலை நீட்டிப் படுக்கும் இருக்கை மூன்று பேர் இடத்தை அடைக்கிறது இல்லையா, அதனால்தான். தனி விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கயல்விழி: இன்னொன்று என்னை ரொம்பவே உறுத்துகிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறக்கும் விமானத்தின் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது. தனிக் குறிப்பாக ஓரமாக எழுதிவைப்பதோடு சரி. இத்தனை மாநாடு நடந்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது.

செல்வி அத்தை: அதெப்படி? யாரோ ஒருவர் கணக்கில் வர வேண்டுமே!

கயல்விழி: ஏறிய நாடா, இறங்கிய நாடா, விமானம் யாருடையது என்று இழுபறி. 1997ல் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த மாநாட்டில் அதைச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

முத்தையா பெரியப்பா: கொரோனா நேரத்தில் எங்கள் ஓய்வூதியர் சங்கமே ஸூமில் கூட்டம் நடத்தியது. இவர்களுக்கு மட்டும் என்ன கஷ்டம்?

கயல்விழி: செய்து பார்த்தார்கள் பெரியப்பா. 2021ல் ஜெர்மனியின் பான் நகரில் நடக்க வேண்டிய, மாநாட்டுக்கு முந்தைய தயாரிப்புக் கூட்டத்தை மூன்று வாரம் இணையத்திலேயே நடத்தினார்கள். ஒருவருக்குக் காலை என்றால் இன்னொருவருக்கு நடுராத்திரி. ஏழை நாடுகளின் ஆட்களுக்கு இணைப்பு பாதியில் அறுந்துபோகும். முறையான முடிவு ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. பணக்கார நாட்டுக்கு அதனால் நஷ்டமில்லை. முடிவு தள்ளிப்போனால் யார் வீட்டுக்குள் தண்ணீர் வருமோ அவர்களுக்குத்தான் நஷ்டம்.

கயல்விழி: துவாலு என்று பசிபிக்கில் ஒரு தீவு நாடு. கிளாஸ்கோ சமயத்தில் அதன் வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே கோட்டும் டையுமாக, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கடலுக்குள் மேசை போட்டு நின்று பேசிய வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. அதே நாட்டின் நிதி அமைச்சர் சேவே பயேனியு கிளாஸ்கோவுக்கே போயிருந்தார். கடைசி நாள் அரங்கில் தன் பேரப்பிள்ளைகள் மூன்று பேரின் படத்தைக் காட்டிப் பேசினார். வீடியோவை உலகமே பார்த்தது, நல்லதுதான். ஆனால் அன்றைக்குத் தீர்மானத்தில் நிலக்கரி பற்றிய வாசகம் அரங்குக்குள்ளே கூடிக் கூடிப் பேசித்தான் கடைசி நேரத்தில் மாறியது. அங்கே ஆள் இல்லாத நாட்டிடம் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த அமைச்சர் பறந்து வந்ததை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

கணேசன் துபாய்: சரி, மீதிப் பேர் எதற்கு வருகிறார்கள்?

கயல்விழி: அதுதான் கேள்வி சித்தப்பா. உங்கள் ஊர் மாநாட்டுக்கு எண்ணெய், எரிவாயு, நிலக்கரி நிறுவனங்களுக்காக வந்தவர்கள் மட்டும் 2,456 பேர் என்று ஒரு கூட்டமைப்பு பெயர்ப் பட்டியலை அலசிச் சொன்னது. அரங்கு போடுபவர்கள், விருந்து வைப்பவர்கள், அட்டைக்காக வருபவர்கள் தனி. 2025ல் பிரேசிலின் பெலெம் நகரில் தங்க இடம் போதாமல் இரண்டு சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அறை வாடகை ஏறிய ஏற்றத்தில் ஆஸ்திரிய அதிபரே செலவு கட்டாது என்று போகவில்லை. அவருக்கே அப்படி என்றால் ஏழை நாடுகளை நினைத்துப் பாருங்கள்.

செல்வி அத்தை: தாலி கட்டுகிறவர்களும் தாய்மாமனும் இருக்கத்தான் வேண்டும். பந்திக்கு மட்டும் வருகிறவர்களைத்தான் குறைக்க வேண்டும் என்கிறாய்.

கயல்விழி: அதேதான் அத்தை ❤️

முத்தையா பெரியப்பா: நீ இந்த வருஷம் துருக்கிக்குப் போகிறேன் என்றாயே?

கயல்விழி: ஆமாம், நவம்பரில் அண்டல்யாவில் 31ஆவது மாநாடு. எங்கள் அலுவலகத்தில் என் பெயரையும் போட்டிருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு பக்க நிகழ்ச்சியில் சென்னை வெயில் பற்றிய சின்ன உரை, அவ்வளவுதான். போய்வர ஒரு டன்னுக்கு மேல் ஆகும். பேச்சுவார்த்தையில் எனக்கு வேலை இல்லை. இணையத்தில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செல்வி அத்தை: அடிப்பாவி! உனக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு. நாங்கள் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கயல்விழி: எனக்கும் ஆசை இருந்தது அத்தை. ரயிலில் போக முடிகிற தூரமாக இருந்தால் கண்டிப்பாகக் கிளம்பியிருப்பேன். ஐரோப்பாவிலிருந்து நிறையப் பேர் கிளாஸ்கோவுக்கு ரயிலில்தான் வந்தார்கள்.

அருண்: நீங்கள் போகாததால் விமானம் நிற்கப்போவதில்லையே மதினி. இருக்கை காலியாகப் போகும்.

கயல்விழி: ஒரு தடவை காலியாகப் போகும் அருண். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குறைந்தால் அத்தனை விமானம் விட மாட்டார்கள். அட்டை கொடுப்பதற்கே வரம்பு வைக்க வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன். அரசுகளும் சொந்த ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நான் ஒருத்தி வீட்டில் இருப்பதால் அது நடந்துவிடாது, தெரியும். ஆனால் இதைக் கேட்டுக்கொண்டே என்னால் விமானம் ஏற முடியாது.

முத்தையா பெரியப்பா: சரிம்மா. நான் முன்னனுப்பியதை இன்னும் இரண்டு குழுக்களில் போட்டிருக்கிறேன். நீ எழுதியதையும் அங்கே போடட்டுமா?

கயல்விழி: தாராளமாகப் போடுங்கள் பெரியப்பா. துவாலு பற்றியதை விட்டுவிடாதீர்கள்.

கணேசன் துபாய்: உன் பேச்சு எத்தனை மணிக்கு? நாங்களும் பார்க்கலாமா?

கயல்விழி: நேரம் இன்னும் வரவில்லை சித்தப்பா. அவர்களைவிட இந்திய நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால். வந்ததும் லிங்க் போடுகிறேன். பார்க்கிறவர்களும் கேள்வி எழுதி அனுப்பலாம்.

முத்தையா பெரியப்பா: அப்படியானால் என் கேள்வியை இப்போதே எழுதிவைத்துக்கொள். அந்த விமானப் புகையை எந்த வருஷத்திலிருந்து, யார் கணக்கில் எழுதப் போகிறார்கள்?