பொருள்: கிளியரன்ஸ், கிரீப்பேஜ் – இரண்டுக்கும் தமிழ் தேவை (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,
தொலைத்தொடர்புக் கருவிகளின் மின்பாதுகாப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிசிபியில் (அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில்) இரு செப்புத் தடங்களுக்கு நடுவே காற்றின் ஊடாக அளக்கும் மிகக் குறுகிய தொலைவு கிளியரன்ஸ்; காப்புப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே அளந்தால் கிரீப்பேஜ். வரைவில் இரண்டுமே 'இடைவெளி'. 'இடைவெளி இடைவெளியைவிடக் குறையக் கூடாது' என்று அச்சிட முடியுமா?

---

காற்றிடைவெளி, ஊர்தொலைவு. பின்னது 'ஓடுதளம்' போல வினைத்தொகை. ஒற்று மிகாது. 'ஊர்த்தொலைவு' என்று போட்டால் அடுத்த கிராமத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள்.

---

> ஊர்தொலைவு

ஊர்தல் என்றால் ஏறிச் செல்லுதலும்தான் ஐயா. 'பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்னும் குறளில் ஊர்ந்தவன் பல்லக்கில் அமர்ந்திருப்பவன். ஊர்தி என்பதும் அதிலிருந்துதான். மின்னோட்டம் பல்லக்கிலா போகிறது? 'தவழ்தொலைவு' என்போம். ஆனால் 'தொலைவு' என்பதிலேயே அழிவுப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

---

அப்படிப் பார்த்தால் தொலைத்தொடர்பு என்பது தொலைந்துபோன தொடர்பா?

குழந்தை தவழும். இங்கே நடப்பது வேறு. தூசியும் ஈரமும் படிந்த பரப்பில் மின்சாரம் கசிகிறது. சிறு தீப்பொறிகள் பலகையின் பிசினைக் கருக்குகின்றன. கரிக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து எதிர்த்தடத்தைத் தொடுகிறது. ஊர்கிறது என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? மாசுநிலையும் (சுற்றுப்புறத்தில் தூசியும் ஈரமும் எவ்வளவு) பொருட்பிரிவும் (காப்புப்பொருள் கரிக்கோட்டை எவ்வளவு எதிர்க்கும்) கிரீப்பேஜ் அட்டவணையில் இடம்பெறுவது இதனால்தான். காற்றிடைவெளிக்கு உச்ச மின்னழுத்தமும், 2000 மீட்டருக்கு மேல் போனால் உயரமும் முக்கியம்.

---

வகுப்பெடுப்பவன் என்ற முறையில்: காற்றுவழி இடைவெளி, பரப்புவழி இடைவெளி. தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஈசி 60950-1இன் அட்டவணையில் 250 வோல்ட், மாசுநிலை 2, மூன்றாம் பொருட்பிரிவு என்றால் பரப்புவழியில் அடிப்படைக் காப்புக்கு 2.5 மி.மீ., வலுவூட்டிய காப்புக்கு 5 மி.மீ. இடம் போதாவிட்டால் பலகையில் 1 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் பிளவு வெட்டுவார்கள். பரப்புவழி சுற்றிக்கொண்டு நீளும், காற்றுவழி மாறாது. படம் வரைந்து இப்படிச் சொன்னால் கடைசி வரிசைக்கும் புரிகிறது. 'ஊர்தொலைவு' என்றால் முதல் வரிசையே விழிக்கும்.

---

கேட்டவுடன் புரிய வேண்டுமென்றால் விளக்கம் போதுமே, கலைச்சொல் எதற்கு? 'கிரீப்பேஜ்' மட்டும் ஆங்கில மாணவருக்குக் கேட்டவுடன் புரிந்துவிடுகிறதா? அட்டவணையின் குறுகிய கட்டத்தில் 'பரப்புவழி இடைவெளி'யை எப்படி அடைப்பீர்கள்?

---

நண்பர்களுக்கு நன்றி. வகுப்பெடுப்பவர் சொன்னபடி 'காற்றுவழி இடைவெளி', 'பரப்புவழி இடைவெளி' என்றே அனுப்புகிறேன். அட்டவணையில் காற்றுவழி, பரப்புவழி மட்டும். 'ஊர்தொலைவு' சொல்லடைவில் இருக்கும். 60950-1க்குப் பதிலாக வந்துவிட்ட 62368-1இன் சொற்களுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.

---

என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். 'பரப்புவழி இடைவெளி'யில் 'வெளி' என்பதே கிடையாது; அங்கே இருப்பது எபாக்சிப் பிசின்.