இருட்டில் அடிபட்டால் பிழை யாருடையது, நடந்தவருடையதா ஓட்டியவருடையதா?

லொறிக்காரன்

நேராகவே கேட்கிறேன். பதினெட்டு வருடமாக இரவில் லொறி ஓட்டுகிறேன். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றினால் விடிவதற்குள் யாழ்ப்பாணம் சேர வேண்டும். போன கிழமை கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் பக்கம் வரும்போது, எதிரே வந்த சொகுசு பஸ் லைற்றை இறக்கவே இல்லை, கண் கூசிவிட்டது, அது கடந்து போன அடுத்த நொடி என் முன்னால் ஒரு ஐயா. கறுப்புச் சேட், கடும் நீலச் சாரம், தாருக்கு மேலேயே எனக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறார். ஒரு முழ இடைவெளியில் தப்பினார். கை நடுங்கி, ஓரங்கட்டிக் கால் மணித்தியாலம் நின்றேன். விபத்து நடந்தால் ஊர் கூடிச் சாரதியைத்தான் அடிக்க வருகிறது. கையில் ரோச் லைற்றும் இல்லாமல் இருட்டில் இப்படி நடப்பவரில் பிழையே இல்லையா?

விசுவமடு மகள்

அண்ணை, உங்கள் கை நடுங்கியது எனக்கு விளங்குகிறது. என் சித்தப்பா அப்படி ஒரு இரவில்தான் போனார். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் நடந்து வந்தவரைப் பின்னால் வந்த வான் அடித்தது. இறங்கி வந்த சாரதி முதலில் சொன்னது, "ஆள் தெரியேல்லை" என்றுதான். அது பொய் என்று நான் இன்றுவரை சொல்லவில்லை. தெரியாத இடத்தில் ஏன் அந்த வேகம் என்றுதான் கேட்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 70 கிலோமீற்றரில் போனால் ஒரு நொடிக்கு 19 மீற்றர். ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி போய்விடும், பிறகு பிரேக் பிடித்து நிற்க வேண்டும், காய்ந்த றோட்டில் காருக்கே எல்லாம் சேர்ந்து 55 மீற்றருக்கு மேல். உங்கள் லொறி பாரத்தோடு இன்னும் தள்ளித்தான் நிற்கும். டிம் லைற்றில் கறுப்பு உடுப்புக்காரர் தெரிவதோ முப்பது, நாற்பது மீற்றருக்குள். அப்படியென்றால் கண்ட பிறகு நிறுத்தவே முடியாது என்று தெரிந்துகொண்டுதான் ஓட்டுகிறோம். 50ல் போனால் 35 மீற்றர் அளவில் கார் நின்றுவிடும். சித்தப்பா இருந்திருப்பார்.

லொறிக்காரன்

தங்கச்சி, இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70 வரை சட்டமே விடுகிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி எண்பது கிலோமீற்றர் அளவு, அவ்வளவையும் 50ல் உருட்டினால் எத்தனை மணிக்குச் சந்தைக்குப் போவது? பிந்தினால் மரக்கறி விலை விழும், முதலாளி என்னிடம்தான் கேட்பார். மாடு, யானை, லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின், நெல் வெட்டு மெஷின், எல்லாம் இந்த றோட்டில்தான். எத்தனையைத்தான் சாரதி தனியே சுமப்பது?

விசுவமடு மகள்

எண்பது கிலோமீற்றருக்கு வித்தியாசம் அரை மணித்தியாலம்கூட இல்லை, அண்ணை. அதோடு 70 என்பது ஆகக்கூடிய வேகம், இருட்டிலும் மழையிலும் அதே வேகத்தில் போகச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மாங்குளத்தான்

தாருக்கு மேலே ஏன் நடக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறி வந்தபோது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே றோட்டை விட்டு இறங்காதே என்பதுதான். இரண்டு பக்கமும் சிவப்புப் பலகை, மண்டையோடு, மிதிவெடி. பிள்ளைகளைக் கையில் பிடித்துத் தார் விளிம்புக்கு உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தோம். வெடி எடுத்து முடிந்த இடங்களிலும் கால் அதை மறக்கவில்லை. என் அம்மா இன்றும் புல்லில் கால் வைக்கமாட்டார். சரி, அதை விடுங்கள், இன்று இறங்கினால் என்ன இருக்கிறது? முழங்காலளவு புல், அதற்குள் விரியன், மாரியில் வெள்ளவாய்க்கால் எது றோட்டு எது என்றே தெரியாது. நகரத்தைத் தாண்டினால் நடைபாதை என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று, தொண்ணூறுகளில் வன்னியில் கரண்டும் இல்லை, எரிபொருளும் இல்லை. இரவில் றோட்டில் வந்தது டைனமோ லைற் சைக்கிளும் மாட்டு வண்டியும்தான். அந்த றோட்டில் நடந்து பழகிய ஐயாமார்தான் இன்றைக்குக் காப்பெற் போட்ட ஏ9இல் நடக்கிறார்கள். றோட்டு மாறியது, அவர்களுக்கு நடக்க இடம் மட்டும் யாரும் போடவில்லை.

இரவு பஸ்காரி

லைற் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, தெருவிளக்கு பிரதேச சபையின் தலையில், ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுகிறார்கள். கொழும்பு பஸ் விடியப்புறம் நாலு மணிக்கு எங்களை இறக்கிவிடுவதும் கும்மிருட்டில்தான். நித்திரைக் கண்ணோடு, பொதியோடு, பஸ்ஸின் பின்பக்கத்தால் சனம் குறுக்கே ஓடுகிறது. எதிரே வருகிற வாகனத்துக்கு அந்த ஆள் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்வரை தெரியவே தெரியாது. பஸ் போகும்வரை நின்று பிறகு கடவுங்கள் என்று நடத்துநர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஏறிய பஸ்களில் சொன்னவர் இல்லை.

ரியூசன் வாத்தியார்

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, ஆனால் லைற்றும் நடைபாதையும் வரும்வரை என் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், வகுப்பு முடிவது ஆறரைக்கு. அதனால் ஒளி தெறிக்கும் ஸ்ரிக்கர் வாங்கி வெட்டிக் கொடுத்தேன். வெள்ளை உடுப்பு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறவிடும், இந்த ஸ்ரிக்கர் லைற் வந்த திசைக்கே, அதாவது சாரதியின் கண்ணுக்கே, திருப்பி அனுப்பும். நூற்றைம்பது மீற்றரிலேயே பளிச்சென்று தெரியும். முதுகில் மட்டும் ஒட்டினால் கம்பமோ பலகையோ என்று நினைப்பார்கள். கணுக்காலிலும் கையிலும் கட்டினால் நடக்க நடக்க அசையும், மனிதர் என்று உடனே பிடிபடும்.

ரோச் லைற் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னால் பிடித்துக்கொண்டு போனால் பின்னால் வருகிற வாகனத்துக்கு உடம்பே அதை மறைத்துவிடும். அதனால் வலப்பக்கமாக, வாகனத்தை எதிர்நோக்கி நடக்க வேண்டும். நம் நாட்டு வாகனங்களின் டிம் லைற் இடது ஓரத்தைத்தான் கூடத் தூரம் காட்டும், எதிர்நோக்கி வருபவர் அந்த வெளிச்சத்துக்குள்தான் இருப்பார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதா கோயிலுக்கும் கூட்டமாக நடப்பவர்கள் முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர் என்று லைற் பிடித்தாலே பெரிய உதவி.

விசுவமடு மகள்

சேர், பிள்ளைகளுக்குச் செய்தது நல்ல காரியம். ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளை ஸ்ரிக்கர் இல்லாமல் அடிபட்டால், "ஏன் கட்டவில்லை" என்று அந்தத் தாயைத்தான் கேட்பார்கள். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. சித்தப்பாவின் செத்தவீட்டிலேயே ஒருவர் என்னிடம், "வெள்ளைச் சேட் போட்டிருக்கலாமே பிள்ளை" என்றார். வயலுக்குப் போகிறவர் வெள்ளை உடுத்தா போவார்?

லொறிக்காரன்

இரண்டு நாளாக இதை யோசித்துக்கொண்டு ஓட்டினேன். எல்லா இடமும் 50 என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை, தங்கச்சி, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் அன்று பஸ்ஸின் லைற்றில் கண் கூசியபோது நான் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கவில்லை. கண் தெரியாத அந்த இரண்டு மூன்று நொடியும் அதே வேகத்தில்தான் போனேன். நான் எழுதிய முதல் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டேன்.

ரியூசன் வாத்தியார்

அண்ணை, அந்த ஐயாவைக் கண்டது எந்த இடம்? கனகராயன்குளத்தில் எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள், விசாரிக்கச் சொல்லலாம்.

லொறிக்காரன்

கிலோமீற்றர் கட்டை இலக்கம் பார்க்கவில்லை. இடது பக்கம் சின்ன வைரவர் கோயில், பக்கத்தில் பெரிய பாலை மரம். நேரம் நாலரை இருக்கும். தோளில் மண்வெட்டி வைத்திருந்தார், தினமும் அந்த நேரத்துக்குப் போகிறவர்போலத்தான் இருந்தது.