இங்கிலாந்து கவுன்சிலில் கடைசிக் கையெழுத்து யாருடையது?

முத்தியால்பேட்டை சண்முகம்:
வணக்கம். புதுச்சேரியில் நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் இருக்கிறாள். அவளுக்கு வந்த கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கு உள்ளாட்சி வாங்கும் வரி) பில்லைப் படம் எடுத்து அனுப்பினாள். அதில் வில்ட்ஷயர் கவுன்சில், சாலிஸ்பரி சிட்டி கவுன்சில், போலீஸ், தீயணைப்பு என்று நான்கு இனங்கள். “இங்கே யூனிட்டரி கவுன்சில், எல்லாம் ஒரே இடம்தான்” என்கிறாள். அப்படியானால் இரண்டு கவுன்சில் பெயர் எதற்கு? கழுத்தில் சங்கிலி அணிந்த மேயர் ஒருவர், லீடர் ஒருவர், சீஃப் எக்சிகியூட்டிவ் ஒருவர். நம் பக்கம் ஆணையர் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. அங்கே எப்படி?

மஞ்சக்குப்பம் தேவி:
ஐயா, எனக்குப் பக்கத்துக் கடலூர்தான். இப்போது ட்ரோபிரிட்ஜில் இருக்கிறேன். வில்ட்ஷயர் கவுன்சிலின் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான்.

2009க்கு முன் இங்கே இரண்டு அடுக்கு. பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி கவுன்சில். குப்பை, கட்டட அனுமதி, வீட்டுவசதி நான்கு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்கள். அந்த ஐந்தையும் கலைத்து ஒன்றாக்கியதுதான் இந்த யூனிட்டரி. மொத்தம் 98 கவுன்சிலர்கள். சாலிஸ்பரி சிட்டி கவுன்சில் பெயரில்தான் சிட்டி; சட்டப்படி அது பாரிஷ் கவுன்சில், அதாவது யூனிட்டரிக்குக் கீழே ஊர் அளவில் இருக்கும் சின்ன கவுன்சில். பூங்கா, சந்தை போன்றவை அதன் வேலை. உங்கள் மகள் பார்த்த மேயர் அந்தக் கவுன்சிலைச் சேர்ந்தவர். விழாவுக்கு வருவார், வரியைத் தீர்மானிக்க மாட்டார்.

இனி கையெழுத்து. கவுன்சிலர்கள் கூடி ஒரு லீடரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் கேபினெட் அமைப்பார். லீடரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் கூடாது. அன்றாட முடிவுகள் பெரும்பாலும் இவர்கள் கையில். பட்ஜெட்டையும் வரியையும் முழுக் கவுன்சில்தான் நிறைவேற்ற வேண்டும். கட்டட அனுமதியும் லைசென்ஸும் கேபினெட்டுக்குப் போகாது, அவற்றுக்குத் தனிக் குழுக்கள். கேபினெட் எடுத்த முடிவு சரியில்லை என்று பட்டால், ஸ்க்ரூட்டினி குழு (கேபினெட்டில் இல்லாத கவுன்சிலர்கள் முடிவுகளை ஆராயும் குழு) அதை நிறுத்தி மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். இதற்குக் ‘கால் இன்’ என்று பெயர். எதிர்க்கட்சிக்காரருக்கும் இதில் இடம் உண்டு.

சீஃப் எக்சிகியூட்டிவ் சம்பளம் வாங்கும் அதிகாரி. ஆலோசனை சொல்வார், நிறைவேற்றுவார். ஆனால் நிதி அதிகாரிக்கு ஒரு பெரிய ஆயுதம் இருக்கிறது. வரவுக்குள் செலவு அடங்காது என்று தெரிந்தால் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அவர் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். புதுச் செலவு அப்படியே நிற்கும். 21 நாளுக்குள் கவுன்சில் கூடிப் பேச வேண்டும். ஸ்லவ் கவுன்சில் 2021இலும் தரக் கவுன்சில் 2022இலும் அந்த நிலைக்குப் போயின. இரண்டுமே யூனிட்டரிகள்.

முத்தியால்பேட்டை சண்முகம்:
நன்றிம்மா, தெளிவாகிவிட்டது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒரு முடிவை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாம் என்பதைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்ததும் பொறுப்பு மறுபடி அதிகாரிகளிடமே போனது. நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தெருக்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கடலூர் 2021இல் மாநகராட்சியாகி, அடுத்த ஆண்டே தேர்தல் கண்டு 45 வார்டுக்கும் ஆள் வந்தாயிற்று. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அது ஏக்கம்தான்.

வில்லியனூர் கார்த்தி:
ஐயா, எல்லா யூனிட்டரியும் கேபினெட் முறையில் நடப்பதில்லை. நான் பிரிஸ்டலில் இருக்கிறேன். இங்கே 2012 முதல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் வாக்கெடுப்பு வைத்து அந்தப் பதவியே வேண்டாம் என்று முடிவானது. 2024 மே முதல் கமிட்டி முறை. ஒவ்வொரு துறைக்கும் எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் உட்காரும் குழு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, மெதுவாகப் போனாலும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தியக் குடியுரிமையோடு இங்கே முறைப்படி வசிப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். நம் ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டே, அவர்கள் நிலை வேறு. 2020 முடிவதற்குள் இங்கே குடியேறியவர்களுக்கு அந்த உரிமை தொடர்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டில் மட்டும் வந்தவர்களுக்கு இல்லை.

முத்தியால்பேட்டை சண்முகம்:
அவளுக்கு இந்திய பாஸ்போர்ட்தான் தம்பி. எங்கே பதிய வேண்டும்?

மஞ்சக்குப்பம் தேவி:
அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை ஐயா. வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாளம் கேட்பார்கள், இந்திய பாஸ்போர்ட்டே போதும். வில்ட்ஷயரில் அடுத்த தேர்தல் 2029 மே மாதம்.